லயத்துக் காம்பராவில் மின்னடுப்பு: சுவருக்குள் இருக்கும் வயர் எவ்வளவு தாங்கும்?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நான் போய்வந்த லயங்களில், சூடேற்றும் மின்சாதனம் ஒன்றாவது இல்லாத குசினி இப்போது அரிது. ரைஸ் குக்கர் இருக்கும், கேத்தல் இருக்கும், அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஹொட் பிளேட்டும் இருக்கும். ஹொட் பிளேட் பரவிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கேஸ் கசிந்து அடுப்புகள் வெடித்த செய்திகள் நாள் தவறாமல் வந்தன. 2022 இல் சிலிண்டரே கிடைக்கவில்லை. கிடைத்தபோது 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,800 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டும் இருந்ததால், வாங்கிய ஹொட் பிளேட் பல நாள் சும்மாதான் கிடந்தது. மின்வெட்டு குறைந்த பிறகு அது நிரந்தரமாகக் குசினியில் இடம்பிடித்துக்கொண்டது.

விறகு இல்லாமல் போகவில்லை. பழைய இறப்பர் மரங்களை வெட்டி மறுநடுகை செய்யும் மலைகளில் அது இன்னும் கிடைக்கிறது. ஆனால் இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம். ஈர விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அந்தப் புகைக்குள் நின்று ரொட்டி சுட்டுவிட்டு மலைக்கு ஏறுகிற அம்மாமாரின் இருமலை லயத்தில் ஒருநாள் தங்கினாலே கேட்கலாம். வீட்டுக்குள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே 'ஹொட் பிளேட் ஆபத்து, பழையபடி விறகுக்கே போங்கள்' என்று சொல்ல எனக்கு மனமில்லை. மின்னடுப்பு நல்லது. அது மாட்டப்படும் வயர்தான் கேள்வி.

வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்களில் பலருக்கு இந்த இடப்பெயர்கள் புதியவை அல்ல. 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் 1983 இலும் இறக்குவானை, காவத்தை, இரத்தினபுரித் தோட்டங்களில் அடிபட்டு, கையில் கிடைத்ததோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அங்கே வீடு கட்டி இருக்கிறார்கள். ஒரு கிளை வன்னியில், மறு கிளை இன்னும் லயத்தில். கீழே சொல்லப்போகும் கணக்கு இரண்டு கிளைக்கும் பொருந்தும். வித்தியாசம் வரும் இடத்தில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

லயங்கள் பெரும்பாலும் பிரித்தானியர் காலத்தில் கட்டியவை. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. பத்து, பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே கூரை. மின்சாரம் வந்ததோ வெகுகாலம் கழித்து. அப்போது இழுத்த வயர், காம்பராவுக்கு ஒரு பல்ப், இஸ்தோப்புக்கு ஒரு பல்ப், ரேடியோவுக்கோ டிவிக்கோ ஒரு பிளக் என்ற கணக்கில் இழுத்தது. அந்த நேரத்தில் அது தவறான கணக்கும் அல்ல.

இப்போது அந்த வயரில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். எந்தச் சாதனத்தின் அடியிலும் அதன் வாட் அளவு எழுதியிருக்கும். அதை 230 ஆல் வகுத்தால் எத்தனை அம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். பழைய 60 வாட் குண்டு பல்ப் கால் அம்பியர்தான். 1,000 வாட் ஹொட் பிளேட் 4.3 அம்பியர். 2,000 வாட் அடுப்பு 8.7 அம்பியர். ஒரு சிறிய ஹொட் பிளேட்டைப் போடுவது பதினாறு, பதினேழு பல்புகளை ஒன்றாகப் போடுவதற்குச் சமம். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் வயரில் பிறக்கும் வெப்பம் இருமடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அந்த ஒற்றைப் பல்புக்கு ஒரு மூட்டில் பிறந்த வெப்பத்தைப்போல ஏறத்தாழ 280 மடங்கு வெப்பம், ஹொட் பிளேட் போட்டதும் அதே மூட்டில் பிறக்கும்.

மூட்டு என்று சொல்வது காரணத்தோடுதான். வயர் நடுவில் எரிவது குறைவு. முறுக்கி டேப் சுற்றிய இடம், சுவிட்ச் பெட்டிக்குள் தளர்ந்த ஸ்க்ரூ, பல வருடம் செருகிக் கழற்றித் தேய்ந்த சொக்கெட், இவைதான் முதலில் கருகும். ஹொட் பிளேட்டைப் போட்டதும் பல்ப் மங்கினால், சொக்கெட்டைத் தொட்டால் சுட்டால், அதன் வெள்ளை நிறம் பழுப்பாகியிருந்தால், 'இர்ர்' என்ற சத்தம் கேட்டால் மூட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம் பலருக்குத் தெரியாது. பழைய சொக்கெட் உள்ளே சூடேறும்போது சில நேரம் மீன் வாடை அடிக்கும். குசினியில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் உடனே மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும்.

கடையில் வயர் வாங்கும்போது கேட்கும் எண்களையும் தெரிந்துகொள்வது நல்லது. '1/1.13' என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே கம்பி. குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றர். இது பல்ப் வயர். '7/0.67' என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பிகள் ஏழு. குறுக்குப் பரப்பு இரண்டரை சதுர மில்லிமீற்றர். பிளக்குக்கு உரியது இது. அடுப்புக்கு இதற்குக் குறைந்த வயர் வேண்டாம். நியாயமாகச் சொன்னால், நல்ல நிலையில் உள்ள 1/1.13 வயர் ஒரு 1,000 வாட் ஹொட் பிளேட்டைத் தாங்கும். ஆனால் காலை ஐந்து மணிக்குக் குசினியில் நடப்பது வேறு. ஹொட் பிளேட் 1,000, கேத்தல் 1,500, ரைஸ் குக்கர் 700, மூன்றும் ஒரே மல்டி பிளக்கில். மொத்தம் 3,200 வாட், 14 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. மல்டி பிளக் மாட்டியிருக்கும் சொக்கெட்டே 13 அம்பியருக்கு உரியது. சுவருக்குள் இருக்கும் பல்ப் வயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கனடாவில் இருக்கும் உறவினர்கள் 'ஃபர்னஸ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டை முழுதாகச் சூடாக்கும் பெட்டி அது, பேஸ்மென்ட்டில் நிற்கும். அங்கே பல வீடுகளில் அது கேஸில் ஓடுகிறது, சில வீடுகளில் மின்சாரத்தில். மின்சார ஃபர்னஸுக்குள் 5 கிலோவாட் அளவுள்ள சுருள்கள் மூன்று, நான்கு இருக்கும். 20 கிலோவாட் ஃபர்னஸ் 240 வோல்ட்டில் 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். இருந்தும் அது வீட்டை எரிப்பதில்லை. மெயின் பெட்டியிலிருந்து அதற்கென்று தனியாகத் தடித்த வயரும் தனி பிரேக்கரும் போகின்றன. சுருள்கள் எல்லாம் ஒரே நொடியில் சூடேறாதபடி ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதற்கு உள்ளே ஒரு கருவி இருக்கிறது. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போவது வெறும் 24 வோல்ட். காற்று வடிகட்டி அடைபட்டு உள்ளே சூடு கூடினால் தானாக நின்றுவிடும்.

நம் குசினிக்கு அதில் எடுத்துக்கொள்ள இரண்டு விடயம் உண்டு. சூடேற்றும் சாதனத்துக்குத் தனி வழி வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக்கூடாது. முதலாவதற்குக் காசும் அனுமதியும் வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். முதலில் கேத்தல். அது கொதித்து நின்றபின் ரைஸ் குக்கர். அது 'வோம்' நிலைக்கு மாறியபின் ஹொட் பிளேட். காலையில் பதினைந்து நிமிடம் கூடுதலாகப் போகும்.

செருகும் இடத்துக்கு வருவோம். இலங்கையில் இப்போது தரநிலையாக ஏற்கப்பட்டிருப்பது சதுர முள் மூன்றுள்ள 13 அம்பியர் பிளக். ஆனால் வீடுகளில் பழைய உருண்டை முள் பிளக்குகள் இன்னும் நிறைய இருக்கின்றன. சதுரச் சொக்கெட்டின் மேல் துளையில் பேனா மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ குத்தி, கீழே உருண்டை முள் இரண்டையும் செருகும் வித்தை நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த மேல் துளைதான் எர்த். குச்சியைக் குத்தும்போது திறப்பது கீழ்த் துளைகளை மறைத்திருக்கும் பாதுகாப்புத் தகடு. எர்த் இல்லாமல் ஓடும் இரும்பு உடம்புள்ள ஹொட் பிளேட்டில் கசிவு வந்தால், அந்த மின்சாரம் போவதற்கு வழி தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்புதான் அந்த வழி. மற்றது, முள் சரியாகப் பிடிக்காததால் அங்கேயே பொறி பறந்து சொக்கெட் கருகும். அடுப்பின் பிளக்கை வெட்டிவிட்டு நல்ல 13 அம்பியர் பிளக் மாட்டச் சில நூறு ரூபாய்தான். அதற்குள் இருக்கும் சிறு பியூஸில் 13 என்று எழுதியிருக்க வேண்டும். பியூஸ் எரிந்தால் கம்பியையோ சிகரெட் வெள்ளித்தாளையோ சுற்றி வைப்பது, வீடு எரிந்தாலும் பரவாயில்லை என்பதற்குச் சமம்.

எக்ஸ்டென்ஷன் கோடில் அடுப்பு போடவே கூடாது என்பேன். வேறு வழியில்லாவிட்டால் தடித்த வயருள்ள ஒன்றில் அடுப்பை மட்டும் போடுங்கள். வயரைச் சுருட்டி வைக்காமல் முழுதாக விரியுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

அடுப்பு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைப்பது, பீங்கான் பள்ளத்தில் கம்பிச் சுருள் வெளியே தெரியும் வகை. அந்தச் சுருளில் நேரடியாக மின்சாரம் ஓடுகிறது. குழம்பு பொங்கி வழிந்தாலோ அலுமினியக் கரண்டி பட்டாலோ அது கைவரை வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. சுருள் உள்ளே மூடப்பட்ட தட்டு வகை பரவாயில்லை. இண்டக்ஷன் அடுப்பில் வீணாகும் சூடு குறைவு. ஆனால் நம் அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரம் வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்கலாம். இன்ஃப்ராரெட் அடுப்பில் எந்தச் சட்டியும் வைக்கலாம், ஆனால் நிறுத்திய பிறகும் கண்ணாடி நெடுநேரம் சுடும்.

மூடிய சுருள் அடுப்பைப் பல நாள் பாவிக்காமல் வைத்துவிட்டு, மழைக்காலத்தில் எடுத்துப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும். சுருளைச் சுற்றியிருக்கும் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது ஒரு காரணம். வெயிலில் நன்றாக உலர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் அடுப்பு பழுது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 'இந்தச் சனியன் அடிக்கடி விழுகிறது' என்று ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி அம்பியர் குறைந்தாலும், அதாவது அந்த அளவு வேறு எங்கோ கசிந்தாலும், கண்மூடித் திறப்பதற்குள் நிறுத்திவிடும். ஆளைக் காப்பாற்றுவது அதுதான். மாதம் ஒருமுறை அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் வயர் தாங்காத அளவு பாரம் ஏற்றினால் ட்ரிப் சுவிட்ச் கவனிக்காது. அது பக்கத்தில் வரிசையாக இருக்கும் சிறு பிரேக்கர்களின் வேலை. இரண்டும் வேண்டும்.

எர்த் கம்பி விடயத்தில் சப்ரகமுவவுக்கு ஓர் அதிர்ஷ்டம், மண் எப்போதும் ஈரம். வன்னியில் கோடைக்கு மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாமல் போகலாம். கிளிநொச்சியில் இருப்பவர்கள் கம்பி இறக்கிய குழிக்கு வறட்சியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது நல்லது.

லயத்தில் நான் அதிகம் பயப்படுவது கூரைத் தகரத்துக்குத்தான். குசினியைப் பின்னால் இழுத்துத் தகரம் போட்ட இடங்களில் வயர் தகர விளிம்பில் உரசிக்கொண்டு போகிறது. காற்றில் ஆடி ஆடித் தோல் தேய்ந்தால் கூரை முழுவதும் மின்சாரம். துணி காயப்போடும் கம்பியை அந்தத் தகரத்தில் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். வயர் தகரத்தைத் தாண்டும் இடத்தில் பீ.வீ.சி. குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டு அதற்குள்ளால் எடுக்க வேண்டும். இதைச் செய்யுமுன் மெயினை நிறுத்துங்கள். வயர் பக்கத்து வீட்டிலிருந்து வருவதானால் அவர்கள் வீட்டு மெயினை.

பக்கத்து வீட்டு வயர் என்பது இங்கே விதிவிலக்கு அல்ல. குடும்பம் பிரியும்போது காம்பரா பிரிகிறது, மீற்றர் பிரிவதில்லை. அண்ணன் பெயரில் மீற்றர், தம்பி வீட்டுக்கு ஒரு வயர், தங்கச்சி கல்யாணம் முடித்துப் பின்னால் போட்ட தகர வீட்டுக்கு இன்னொரு வயர். சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர். மூன்று வீட்டிலும் 2,000 வாட் அடுப்பு ஒன்றாக எரிந்தால் 26 அம்பியர் அதிலேயே போய்விட்டது. லயம் தீப்பிடித்த செய்திகளில் 'மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர்' என்ற வரியை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். ஒரே கூரை என்பதால் ஒரு வீட்டில் பிடித்தது வரிசை முழுவதற்கும் ஓடுகிறது. அந்த வரியோடு செய்தி முடிந்துவிடும். கசிந்த வயர் யாருடைய பொறுப்பு என்று யாரும் எழுதுவதில்லை.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. மூன்று, நான்கு தலைமுறை இருந்த வீடானாலும் காணியும் சுவரும் குடும்பத்தின் பெயரில் இல்லை. தனி மீற்றர் கேட்டுப் போனால் உறுதி கேட்பார்கள். உறுதி இல்லாதவர் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தைத் தேடிப் போகிறார். தன்னுடையது அல்லாத சுவரில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவழித்து வயர் மாற்ற யாருக்குத்தான் மனம் வரும்? இரண்டு, மூன்று தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய அனுபவமுள்ள குடும்பங்களுக்கு இன்னும் வராது. எனவே பழைய வயரே தொடர்கிறது. இதை மக்களின் அலட்சியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மின்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூட்டப்பட்டது. அதன்பின் கூடியும் குறைந்தும் வருவதால் இன்றைய விலையை உங்கள் பட்டியலில் பாருங்கள். மாறாமல் இருக்கும் சூட்சுமம் 60 அலகுக் கோடு. மாதம் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகு மிக மலிவு. 61 ஆனால் அந்தச் சலுகை முழுதாகப் போய், முதல் அலகிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். 1,000 வாட் ஹொட் பிளேட்டை நாளுக்கு ஒரு மணித்தியாலம் பாவித்தால் மாதம் 30 அலகு. ரைஸ் குக்கர் நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் பத்து அலகு அளவில். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைக்க ஓர் அலகின் ஏழில் ஒரு பங்கு போதும். ஆகவே சோற்றுக்கு ரைஸ் குக்கர், தேத்தண்ணிக்குக் கேத்தல், கறியைக் காய்ந்த விறகில் வைத்து, ஹொட் பிளேட்டை மழை நாளுக்கு ஒதுக்கும் வீடுகள் கோட்டுக்குள் நிற்கின்றன. மூன்று வீடு ஒரு மீற்றரில் இருந்தால் கோட்டுக்குள் நிற்பது கடினம். தனி மீற்றருக்கு அலைவது இந்தக் காரணத்துக்காகவும் பயனுள்ளது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்கும் பூமி இது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கையில் சப்ரகமுவ மாகாணத்தின் பெயர் அடிக்கடி வருவதைக் கவனித்திருப்பீர்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, மின்னலுக்கு அந்தச் சிறு இடைவெளி ஒரு தடையே அல்ல. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும். இடி தொடங்கிவிட்டால் அதைத் தொடப் போகாதீர்கள்.

2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியதும், அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதும் யாருக்கும் மறந்திருக்காது. வெள்ளமோ மண்ணோ புகுந்த வீட்டில் நீர் வடிந்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. சொக்கெட்டுகளைத் திறந்து உலர்த்தி, மின் வேலை தெரிந்தவர் பார்த்த பிறகுதான். நனைந்த அடுப்பும் அப்படியே. விழுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் கிட்டப் போகாமல் மின்சார சபையின் 1987 க்கு அறிவியுங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த தடியால் தள்ளிவிடுங்கள், பிறகு 1990 அம்புலன்ஸ். அடுப்பு வயர் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குசினி மூலையில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

வயரிங் பாஸைக் கூப்பிடும்போது என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முழு வீட்டுக்கும் காசு இல்லையென்றால், மெயின் பெட்டியிலிருந்து குசினிக்கு மட்டும் 7/0.67 வயரும் எர்த் வயரும் குழாய்க்குள் போட்டு, அதற்குத் தனி பிரேக்கரும் ஒரு 13 அம்பியர் சொக்கெட்டும் வைக்கச் சொல்லுங்கள். அவர் போவதற்கு முன் உங்கள் அடுப்பை அதில் அரை மணித்தியாலம் எரியவிட்டு, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, முள்ளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ இன்னும் இறுகவில்லை, அவரை அனுப்ப வேண்டாம்.